பழைய மரக் கனூவின் முனையில் ஓர் எண் இருக்கிறது. அதை வைத்து யார் கட்டிய படகு என்று சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஏரிக்கரையில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறீர்கள். படகுக் கொட்டகையின் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு மரக் கனூவும் வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிட்டது. வெளியே பச்சை பெயின்ட், உள்ளே கறுத்துப்போன வார்னிஷ். பெயர் எழுதிய தகடோ ஸ்டிக்கரோ எதுவும் இல்லை. ஒரு முனையின் உள்பக்கம், அடியில் உள்ள மரத்தில், ஆறு இலக்க எண்ணும் கொஞ்சம் இடம் விட்டு 17 என்றும் அச்சு அடித்திருக்கிறது. நான்காவது இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. யார் கட்டியது, எந்த வருடம், எண் தெளிவாகத் தெரிய உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். தேய்க்காதீர்கள். அந்த எண் இரும்பு அச்சால் சுத்தியல் போட்டு அடித்தது. பள்ளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் அடித்த பள்ளத்தை உப்புத்தாள் இருபது இழுப்பில் சமமாக்கிவிடும். நான் முதன்முதலில் சீர்செய்த படகில் இதே தவற்றைச் செய்தேன். கடைசி இலக்கம் போய்விட்டது. அந்த ஓர் இலக்கத்துக்காகப் பத்து எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படகோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குளிர்காலம் போனது. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் பெயின்டிலும், மரப் பலகையின் மேல் போர்த்திய கான்வாஸ் துணியின் இழைகளை அடைக்கப் பூசும் ஃபில்லரிலும் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். உலர்ந்த பூச்சைத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

எண்ணைப் படிக்க வேறு வழிகள் இருக்கின்றன. முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியையும் இலைச் சருகையும் எடுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழும்படி வையுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் சாய்ந்த ஒளியில் நிழலாக எழுந்து நிற்கும். நான்கு பக்கமிருந்தும் ஒளியைப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுங்கள். 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் இடப்பக்க வளைவில்தான் இருக்கிறது, ஆகவே வலப்பக்கமிருந்து ஒளி போடும் படத்தைக் கூர்ந்து பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால், சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்போமே, அதே வேலைதான். மெல்லிய தாளை எண்ணின் மேல் விரித்து, பென்சில் முனையைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் இலக்கம் வெள்ளையாக விழும். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி விரலால் வழித்துவிட்டாலும் பள்ளத்தில் தங்கியது தெரியும்.

வார்னிஷ் தடிமனாக மூடியிருந்தால் மட்டும், அந்தச் சிறிய இடத்தில் பெயின்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் எடுங்கள். கத்தி, சுரண்டி எதையும் அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், அடுத்த முனையைப் பார்த்தீர்களா? நீங்கள் ஒரு முனையை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் சொல்வார்கள். நானும் அதே சொற்களைப் பயன்படுத்துகிறேன். உங்கள் பக்கத்து மாநிலமான மேய்னில் கட்டிய கனூக்களில் பலவற்றுக்கு அணியம், அமரம் இரண்டிலும் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள். ஒரு பக்கம் மங்கிய இலக்கம் மறு பக்கம் தெளிவாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தொங்கவிட்ட படகில் எந்தப் பக்கம் தாழ்ந்திருந்ததோ அந்தப் பக்கம் தண்ணீர் தங்கி மரம் இற்றிருக்கும், எண்ணும் அங்கேதான் மோசமாக இருக்கும். உயர்ந்திருந்த பக்கத்தைப் பாருங்கள்.

சரி, எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யார் கட்டியது என்று கேட்பது, தெருப் பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் சொல்லி வீட்டைத் தேடுவது போல. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஓர் வரிசை வைத்திருந்தது. ஒரே எண் இரண்டு மூன்று கம்பெனிகளின் படகுகளில் இருக்கலாம். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான பதிவேடு என்று ஒன்று அந்தக் காலத்தில் இல்லை. அமெரிக்காவில் எல்லாப் படகுக்கும் பொதுவான அடையாள எண் கட்டாயமானது 1972 நவம்பரில்தான். அது பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்டது, முதல் மூன்று எழுத்து கட்டியவரைக் குறிக்கும், அமரத்தின் வலப்பக்க வெளிப்புறத்தில் இருக்கும். உங்கள் படகில் அது இல்லை என்பதால், அதற்கு முந்தைய படகு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் தெருவைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் எண்ணின் வடிவமே தெருவைக் காட்டிக்கொடுக்கிறது. பெரிய எண், சிறிது இடைவெளி, பிறகு 17. அந்த 17 படகின் நீளம், அடிக் கணக்கில். முனையின் உள்மரத்தில் எண்ணையும் நீளத்தையும் இப்படிச் சேர்த்து அடிப்பது ஓல்ட் டவுன் கனூ கம்பெனியின் வழக்கம். அதைவிட முக்கியமானது அது ஆறு இலக்கம் என்பது. மேய்னில் எண் போட்டுக் கட்டியவர்களில் லட்சத்தைத் தாண்டியது ஓல்ட் டவுன் ஒன்றுதான். அவர்களும் ஆறு இலக்கத்தை எட்டியது 1920-களின் பிற்பகுதியில். ஆகவே நீங்கள் படித்தது சரியாக இருந்தால், படகு அதற்குப் பிந்தியது என்று இப்போதே சொல்லலாம். ஐந்து இலக்கமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஓல்ட் டவுன் என்பது ஊர்ப்பெயரும்கூட. மேய்னில் பெனாப்ஸ்காட் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றின் நடுவே, ஊருக்கு எதிரே உள்ள தீவில் பெனாப்ஸ்காட் மக்கள் வாழ்கிறார்கள். பிர்ச் மரத்தின் பட்டையை உரித்து, சீடார் மர விலாக்களை வளைத்துப் பொருத்தி அவர்கள் கட்டிய படகுதான் இந்த எல்லாக் கனூக்களுக்கும் மூலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பட்டைக்குப் பதில் கான்வாஸ் துணி வந்தது. பட்டை உரிக்கத்தக்க பெரிய பிர்ச் மரங்கள் அருகிக்கொண்டு வந்தன, துணியோ கடையில் சுருள் சுருளாகக் கிடைத்தது. பக்கத்து ஊரான பாங்கரில் கெரிஷ் என்பவர் இதை வியாபாரமாகச் செய்த முன்னோடிகளில் ஒருவர். ஓல்ட் டவுனில் க்ரே குடும்பத்தார் தங்கள் இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் 1890-களின் இறுதியில் கனூ கட்ட ஆரம்பித்தார்கள். சில வருடங்களில் அது பெரிய தொழிற்சாலையாகிவிட்டது. பெனாப்ஸ்காட் மக்களும் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். படகை யார் கட்டினார்கள் என்று கேட்கும்போது கம்பெனிப் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். அந்த வளைவுகளுக்குப் பின்னால் இருக்கும் மக்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கம்பெனி செய்த ஒரு நல்ல காரியம், ஒவ்வொரு படகுக்கும் ஒரு பதிவு வைத்ததும், அதைத் தூக்கி எறியாமல் காப்பாற்றியதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970-கள் வரை, ஏறத்தாழ இரண்டு லட்சம் படகுகளுக்கு அந்தப் பதிவுகள் இருக்கின்றன. 1979-இல் தொடங்கிய ‘வுடன் கனூ ஹெரிடேஜ் அசோசியேஷன்’ என்ற அமைப்பின் உதவியோடு அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த அமைப்பிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்டால், உங்கள் படகின் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

அந்தப் பதிவில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் முதல் முறை பார்ப்பவருக்கு அது புரியாத சுருக்கெழுத்தாகத் தெரியும். மாடல் பெயர், நீளம், தரம், பிறகு வரிசையாகத் தேதிகள். பலகை அடித்த நாள், கான்வாஸ் போர்த்திய நாள், ஃபில்லர் பூசிய நாள், விளிம்புச் சட்டம் பொருத்திய நாள், பெயின்ட், வார்னிஷ் என்று வேலை நடந்த ஒழுங்கிலேயே இருக்கும். கடைசியில் எந்த நாள், எந்த ஊருக்கு, யாருக்கு அனுப்பியது என்று இருக்கும். தேதியில் மாதம்தான் முதலில் வரும். 4-6 என்றால் ஏப்ரல் 6, ஜூன் 4 இல்லை. நம்மவர்கள் இதில் ஏமாந்துவிடுவோம்.

ஃபில்லர் பூசியதற்கும் பெயின்ட் அடித்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தால் குழம்ப வேண்டாம். ஃபில்லரில் எண்ணெய் கலந்திருப்பதால் அது உள்வரை காய வாரக்கணக்கில் ஆகும். காயாமல் பெயின்ட் அடித்தால் மேலே வெடிக்கும். அதுபோலக் கட்டி முடித்த வருடமும் அனுப்பிய வருடமும் வேறாக இருக்கலாம். விற்கும்வரை கிடங்கில் காத்திருந்த படகுகள் உண்டு. “என் படகு இந்த வருடத்தது” என்று சொல்லும்போது எந்தத் தேதியைச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

தரம் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘ஏஏ’ அல்லது ‘சிஎஸ்’ என்று இருக்கும். இரண்டிலும் விலாவும் பலகையும் சீடார்தான். வித்தியாசம் மேலே கண்ணுக்குத் தெரியும் மரங்களில். ஏஏ என்றால் விளிம்புச் சட்டம், இருக்கைச் சட்டம், இரு முனைகளையும் மேலே மூடும் பலகையான முனை மூடி எல்லாம் பெரும்பாலும் மகோகனி. சிஎஸ் என்றால் விளிம்பு ஸ்ப்ரூஸ், மற்றவை ஆஷ், பிர்ச், மேப்பிள் போன்ற மரங்கள். சிஎஸ் என்பது ‘காமன் சென்ஸ்’ என்பதன் சுருக்கம், மட்டரகம் என்று நினைத்துவிடாதீர்கள். என் கையில் வந்த மிக உறுதியான படகு ஒரு சிஎஸ்தான்.

மாடல் பெயர்களில் உங்கள் 17 அடிக்கு நான் எதிர்பார்ப்பது ‘ஓட்கா’ அல்லது ‘எச்டபிள்யூ’. ஓட்கா என்பது ஓல்ட் டவுன் கனூ என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த பெயர். 17 அடிக்கு 36 அங்குல அகலம், தட்டையான அடி, குடும்பத்தோடு உட்கார்ந்து போகலாம். எச்டபிள்யூ என்றால் ‘ஹெவி வாட்டர்’, அலை உள்ள இடத்துக்கு. பெயரைப் பதிவு சொல்லிவிடும், ஊகிக்கவே வேண்டாம். ஊகத்தோடு போனால் படகில் இல்லாததைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

இனி அந்த 3, 8 சிக்கல். டார்ச், பென்சில், மறுமுனை எல்லாம் பார்த்தும் தீராவிட்டால், இரண்டு எண்ணுக்கும் பதிவை எடுத்துவிடுங்கள். ஒன்று 17 அடி என்றும் மற்றது 16 அல்லது 18 அடி என்றும் இருந்தால் வேலை முடிந்தது, படகிலேயே 17 என்று அடித்திருக்கிறதே. இரண்டும் 17 என்றால்தான் நிதானமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படகில் சில மாறும், சில மாறாது. மாறாதவற்றை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறாது. டேப்பை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராகப் பிடித்து அளக்க வேண்டும், விளிம்பின் வளைவோடு போகக் கூடாது. ஓரிரு அங்குலம் கூடக்குறைய இருக்கலாம், ஓர் அடி வித்தியாசம் இருக்க முடியாது. அகலமும் விலாக்களின் அளவும் அப்படித்தான். பெரிய விலாக்களுக்கு நடுவே சின்ன விலாக்கள் வைக்கும் ‘ஹாஃப் ரிப்’ முறை பதிவில் இருந்தால், அது படகின் தரையில் இன்றும் தெரியும். பக்கவாட்டில் காற்றறைகள் வைத்த ‘ஸ்பான்சன்’ படகு என்றால், அறைகளைக் கழற்றிவிட்டிருந்தாலும் ஆணித் துளைகளின் தடம் விளிம்பில் இருக்கும். பாய்மரம் வைத்து விற்றது என்றால் அதன் கால் நிற்க ஒரு கட்டை தரையிலும், அதை நுழைக்கத் துளையுள்ள சட்டமோ இருக்கையோ முன்பக்கமும் இருக்கும், அல்லது அதை எடுத்த அடையாளமாவது இருக்கும்.

மாறக்கூடியவற்றில் முதலில் வருவது நிறம். கான்வாஸ் துணி சில பத்தாண்டுகளில் இற்றுப்போகும், மாற்றித்தான் ஆக வேண்டும். துணியை மாற்றினால் பழைய பெயின்டும் அதோடு போய்விடும். ஆகவே பதிவில் சிவப்பு என்றும் உங்கள் படகு பச்சை என்றும் இருந்தால் அதை வைத்து “இது அந்தப் படகு இல்லை” என்று முடிவு கட்ட வேண்டாம். வெளி விளிம்புச் சட்டத்தின் அடி ஓரத்தில் பழைய நிறத்தின் துளி சில சமயம் ஒட்டியிருக்கும், அதைத் தேடுங்கள். இருக்கைகளும் மாறும். அடியில் ஓடும் கீல் கட்டையையும் சிலர் எடுத்துவிடுவார்கள், சிலர் பிறகு சேர்ப்பார்கள். விளிம்புச் சட்டம்கூட மாறியிருக்கலாம். இவை பொருந்தினால் மகிழ்ச்சி, பொருந்தாவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளின் தலை சாய்சதுரமாக, சீட்டுக்கட்டில் டைமண்ட் இருக்குமே அந்த வடிவில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும் பாதி பதில் கிடைத்துவிட்டது. அந்த வடிவப் போல்ட் ஓல்ட் டவுனின் கைநாட்டு மாதிரி. எண்ணின் வடிவம், ஆறு இலக்கம், இந்தப் போல்ட் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. போல்ட்டுகளைக் கழற்ற நேர்ந்தால் பத்திரமாக வையுங்கள், வட்டத் தலைப் போல்ட் போட்டு மாற்றிவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபிறகும், எடுத்த பதிவு படகோடு ஒட்டவே இல்லை என்றால் என்ன செய்வது? முதல் சந்தேகம் இலக்கத்தைத் தவறாகப் படித்திருப்பது. 1ஐ 7 என்றும் 6ஐ 0 என்றும் படிப்பது சர்வசாதாரணம். இரண்டாவது சந்தேகம், அது கார்ல்டன் கம்பெனிப் படகாக இருக்கலாம். அதே ஊர்க் கம்பெனியான கார்ல்டனை ஓல்ட் டவுன் 1910-இல் வாங்கிவிட்டது. அதன் பிறகும் கார்ல்டன் பெயரில் படகுகள் வந்தன, அவற்றுக்குத் தனி வரிசை எண். அந்தப் பதிவுகளும் பிழைத்திருக்கின்றன. ஆனால் கார்ல்டன் ஆறு இலக்கம் வரை போகவில்லை, ஆகவே உங்களுக்கு இது பொருந்தாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் சொல்கிறேன். வாட்டர்வில்லில் இருந்த கென்னபெக் கம்பெனியின் பதிவுகளும் ஒரு பகுதி கிடைக்கிறது.

மோரிஸ் என்ற பெயரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேய்னில் வீஸி என்ற ஊரில் இருந்த பட்டறை. அவர்கள் எண்ணை முனை மரத்தில் அடிக்காமல், சின்னப் பித்தளைத் தகட்டில் அடித்து அணியத்தில் உள் விளிம்புச் சட்டத்தில் ஆணி வைத்திருப்பார்கள். தகடு விழுந்துபோனாலும் இரண்டு ஆணித் துளை இருக்கும். முனையின் உள்மரம் தரைக்கு வரும்போது விசிறிபோல விரிந்திருப்பதும், விலாவின் தலை உள் சட்டத்தில் வெட்டிய குழிக்குள் போய் உட்கார்ந்திருப்பதும் மோரிஸின் அடையாளம். 1920-ஐ ஒட்டி அந்தத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்துவிட்டது, பதிவுகளும் போயின. இன்று மோரிஸ் எண்ணுக்கு வருடம் சொல்வதெல்லாம், பிழைத்திருக்கும் படகுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆர்வலர்கள் பொறுமையாகக் கட்டிய கணக்கு. அதனால் மோரிஸ் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், எண்ணையும் படங்களையும் அந்த அமைப்புக்கு அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு படகும் அந்தக் கணக்கை இன்னும் கூர்மையாக்கும்.

கனடாப் பக்கம் போனால் கதை வேறு. ஒன்டாரியோவில் பீட்டர்பரோ, நியூ பிரன்ஸ்விக்கில் ஃப்ரெடரிக்டன் ஊரின் செஸ்ட்நட் என்ற இரண்டும் பெரிய பெயர்கள். பீட்டர்பரோ 1961-இல் மூடியது, செஸ்ட்நட் 1970-களின் இறுதியில் மூடியது. அவற்றில் எண் இருந்தால்கூட, பல சமயம் அது மாடல் எண்ணாக இருக்கும். எண்ணைக் கொடுத்தால் வருடம் வரும் என்று அங்கே எதிர்பார்க்க முடியாது. முனை மூடியில் ஒட்டிய படம், விலாவின் அகலம், மூடியின் வெட்டு இவற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எந்தத் தொழிற்சாலைக்கும் சேராத எண்களும் படகில் இருக்கும். கோடைக்காலப் பிள்ளைகள் முகாம்களும், வாடகைக்கு விடுபவர்களும் தங்கள் கணக்குக்காக ஓர் எண் போடுவார்கள். அது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு இலக்கம், மூடியின் மேலோ வெளிப்பக்கமோ இருக்கும். மோட்டார் வைத்து ஓட்டியிருந்தால் மாநிலப் பதிவு எண் இரண்டு எழுத்தில் தொடங்கி வெளியே பெயின்டில் இருக்கும். கட்டியவர் யார் என்பதற்கு இவை உதவாது. ஆனால் படகு எங்கெங்கே இருந்தது என்று சொல்லும். அழித்துவிட வேண்டாம்.

உங்கள் படகை விற்றால் என்ன கிடைக்கும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்க்காமல் தொகை சொல்வது சரியில்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம். 17 அடி, பச்சை, கான்வாஸ் என்பது ஓல்ட் டவுன் கட்டிய மிகச் சாதாரணமான படகு, நிறையப் பிழைத்திருக்கின்றன. பாய்மரம், ஸ்பான்சன், நீண்ட அலங்கார மூடி, தொழிற்சாலையே வரைந்த சித்திரம் போன்றவை இருந்தால்தான் சேகரிப்பவர்கள் கூடுதல் கவனம் கொடுப்பார்கள். வெளியே இருப்பது கான்வாஸ்தானா என்பதையும் பாருங்கள். நகத்தால் தட்டினால் துணி மேல் பூசிய பெயின்ட் மந்தமாக ஒலிக்கும், ஃபைபர்கிளாஸ் டக்கென்று ஒலிக்கும். விளிம்பில் சற்றுப் பிரிந்த இடம் இருந்தால் அங்கே இழை தெரியும். இற்ற துணியை எடுத்துவிட்டு ஃபைபர்கிளாஸ் ஒட்டுவது ஒரு காலத்தில் நிறைய நடந்தது. அது மரத்தை மூச்சுவிடாமல் செய்து உள்ளிருந்து அழுகவைக்கும், எடுப்பதும் பொறுமையான வேலை. எடுக்க முடியாதது இல்லை, சூட்டுக் காற்றால் மெல்ல மெல்ல உரிக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

நானாக இருந்தால் விற்கமாட்டேன். வீட்டோடு வந்த படகு. பதிவின் கடைசி வரியில் உங்கள் ஏரிக்குப் பக்கத்து ஊரோ அங்கே போகும் ரயில் நிலையமோ இருந்தால், அது அந்தக் கொட்டகைக்கென்றே வந்த படகாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டுப் பத்திரத்தில் அந்த வருடம் உரிமையாளர் யார் என்று பாருங்கள்.

இப்போதைக்கு உத்தரத்தில் கயிற்றில் தொங்குவதை இறக்கிவிடுங்கள். இரண்டு கயிற்றில் மட்டும் பல வருடம் தொங்கினால் நடுப்பகுதி தொய்ந்து வடிவம் கெட்டுவிடும். தச்சர்கள் வைத்திருக்கும் மரத் தாங்கிகள் இரண்டின் மேல், விளிம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். தரையிலிருந்து தள்ளி, அடுப்பு, ஹீட்டர் பக்கம் இல்லாமல் இருக்கட்டும். ரொம்ப உலர்ந்தால் சீடார் பலகை சுருங்கி இடைவெளி விடும்.

பிறகு எப்போதாவது சீர்செய்யக் கொடுத்தால், வேலை செய்பவரிடம் முனை மரத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். முனையின் நுனி இற்றிருப்பது பழைய கனூக்களில் எப்போதும் உள்ளதுதான், அதை வெட்டிப் புது மரம் ஒட்டுவார்கள். எண் இருக்கும் இடம் நுனியிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், நுனியை மட்டும் மாற்றி எண்ணைக் காப்பாற்ற முடியும். முழு முனை மரத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய மரத்தில் எண் உள்ள துண்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புது மரத்தில் அதே எண்ணை அதே இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். வார்னிஷ் பூசும்போது அந்த இடத்தில் மட்டும் ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். ஐந்தாறு பூச்சு ஏறினால் பள்ளம் நிரம்பிவிடும், அடுத்துப் படிக்க வருபவர் மறுபடியும் டார்ச்சும் பென்சிலும் தேட வேண்டியிருக்கும்.